பின் ஆசனத்தில் அமர்ந்து பாருங்கள்: சிறிய குடும்பக் கார்கள் பற்றிய வாசகர் கேள்வி – பதில்

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கும் மீண்டும் திறந்துவிடப்பட்டதிலிருந்து இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களின் போக்கு மாறியிருக்கிறது. அதுவரை கையிலிருக்கும் காரை இன்னும் சில ஆண்டுகள் எப்படி ஓட்டுவது என்று கேட்டவர்கள், இப்போது எந்தக் காரை வாங்குவது என்று கேட்கிறார்கள். எரிபொருள் செலவு, மீள்விற்பனைப் பெறுமதி ஆகியவை பற்றிப் பலமுறை எழுதியாயிற்று. காருக்குள் இருக்கும் இடம், ஆசனத்தின் சுகம் ஆகிய இரண்டையும் கேட்டு வந்த கடிதங்களை மட்டும் இம்முறை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: நாங்கள் ஐந்து பேர். நானும் கணவரும், பன்னிரண்டு வயது மகன், ஏழு வயது மகள், முழங்காலில் சத்திரசிகிச்சை செய்துகொண்ட மாமியார். கணவர் டொயோட்டா அக்வா வாங்க விரும்புகிறார். ஏறி இறங்கச் சுலபம் என்பதால் ஜப்பானிய சுசுகி வேகன் ஆர் நல்லது என்பது என் எண்ணம். மைத்துனர் ஹொண்டா ஃபிட்டை எடுக்கச் சொல்கிறார். தொடர்மாடியில் எங்களுக்குக் கிடைத்திருக்கும் தரிப்பிடம் ஒடுக்கமானது. எதைத் தெரிவுசெய்யலாம்?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: முதலில் உங்களுக்குச் சற்று ஏமாற்றம் தரும் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். ஜப்பானியச் சந்தைக்காகத் தயாரான வேகன் ஆர் நால்வருக்கான வாகனம். அது ஜப்பானில் ‘கே’ வகை என அழைக்கப்படும் சிறுவாகன வகுப்பைச் சேர்ந்தது, நீளம் 3.40 மீற்றர், அகலம் 1.48 மீற்றர், உயரம் 2 மீற்றர், இயந்திரக் கொள்ளளவு 660 சிசி, பயணிகள் நால்வர் என்ற எல்லைகளுக்குள் அவ்வகை வாகனங்கள் அடங்க வேண்டும். பின் ஆசனத்தில் இரண்டு ஆசனப் பட்டிகளே இருக்கும். மகள் சிறியவள், நடுவில் இருத்திக்கொள்ளலாம் என்று பலர் நினைப்பதுண்டு. பட்டி இல்லாத நடுப்பகுதியில் அமரும் குழந்தைக்குத் திடீர் நிறுத்தத்தின்போது முன்னால் இருக்கும் இரு ஆசனங்களுக்கு இடையிலான வெளியைத் தவிர வேறு எதுவும் இல்லை. ஆகவே உங்கள் குடும்பத்திற்கு அந்த வேகன் ஆர் பொருந்தாது. இந்தியாவில் தயாராகும் வேகன் ஆர் வேறு வாகனம்; 2019இல் வந்த வடிவம் 3,655 மில்லிமீற்றர் நீளமும் 1,620 மில்லிமீற்றர் அகலமும் கொண்டது, ஐவருக்கானது. பெயர் ஒன்றாக இருப்பதால் விளம்பரங்களைப் பார்க்கும்போது குழம்பிவிடாதீர்கள்.

ஆனால் வேகன் ஆரை நீங்கள் விரும்பியதற்கான காரணம் மிகச் சரியானது. அந்தக் காரணத்தைக் கைவிடாமல் மற்ற இரண்டையும் பார்ப்போம்.

முழங்கால் நோவுள்ள ஒருவர் காரில் ஏறுவதை அருகிலிருந்து கவனித்திருக்கிறீர்களா? என் தாயார் ஏறும்போது நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். வலது கையால் கதவுச் சட்டத்தின் மேல்விளிம்பைப் பற்றுவார். முதுகைக் காருக்குள் காட்டியபடி மெல்லத் தாழ்வார். ஆசனம் முழங்கால் மடிப்பைவிடத் தாழ்வாக இருந்தால் கடைசி ஒரு சாண் உயரத்தைத் தொடைத் தசையால் தாங்க முடியாமல் தொப்பென்று விழுவார். விழுந்த பிறகு தலையைக் குனிந்து, ஒரு காலைக் கையால் தூக்கி உள்ளே வைப்பார். இறங்கும்போது அதே சாண் உயரத்தை எழுந்து கடக்க வேண்டும். ஏறுவதைவிட அதுதான் கடினம். ஆகவே உங்கள் மாமியாருக்கு முக்கியமானவை இரண்டு: ஆசன மெத்தையின் மேற்பரப்பு நிலத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதும், கதவுவாயிலின் மேல்விளிம்பு எவ்வளவு தாழ்ந்து வருகிறது என்பதும்.

2011 இறுதியில் அறிமுகமான முதல் தலைமுறை அக்வாவின் மொத்த உயரம் 1,445 மில்லிமீற்றர். காற்றைக் கிழித்துச் செல்வதற்காகக் கூரை பின்னோக்கிச் சரிகிறது. அந்தச் சரிவு பின்கதவு வாயிலுக்கு மேலேயும் தொடர்கிறது. எரிபொருளை மிச்சப்படுத்துவதில் அந்தக் காருக்குள்ள நற்பெயருக்கு இந்த வடிவமும் ஒரு காரணம், அதை நான் மதிக்கிறேன். ஆயினும் பின் ஆசனத்தில் ஏறும் முதியவர் அதற்கான விலையைத் தன் கழுத்தால் செலுத்துகிறார். 2013இல் வந்த மூன்றாம் தலைமுறை ஃபிட்டின் உயரம் 1,525 மில்லிமீற்றர், அதாவது 80 மில்லிமீற்றர் கூடுதல். ஃபிட்டில் எரிபொருள் தாங்கி முன் ஆசனங்களுக்குக் கீழே வைக்கப்பட்டிருப்பதால் பின் ஆசனத்தின் கீழ்ப்பகுதி வெறுமையாக இருக்கிறது. மெத்தையைச் சினிமாக் கொட்டகை இருக்கைபோல மேல்நோக்கி மடித்துவிட்டு, நிமிர்த்தி வைக்க வேண்டிய பொருளைத் தரையில் வைக்கலாம். மடித்த சக்கர நாற்காலியோ நடைதாங்கியோ வைத்தியசாலைக்குக் கொண்டுபோக நேர்ந்தால் இதன் அருமை தெரியும். அக்வாவில் மின்கலமும் எரிபொருள் தாங்கியும் பின் ஆசனத்தின் கீழேயே இருக்கின்றன. அங்கே அவ்வாறு மடிக்க முடியாது.

இரண்டுக்குமிடையில் ஒன்று என்றால் தயக்கமின்றி ஃபிட்டைச் சொல்வேன். ஆனால் மாமியாரைப் பின்னால் இருத்தாமல் முன்னால் இடப்பக்க ஆசனத்தில் இருத்துங்கள். அவர் வருவதற்கு முன்பே அந்த ஆசனத்தைப் பின்னோக்கித் தள்ளி வைத்துவிட்டால் கால்களைத் திருப்புவதற்கு இடம் கிடைக்கும். பின்னால் நீங்களும் பிள்ளைகள் இருவரும் அமர்வது மூன்று பெரியவர்கள் அமர்வதைப் போன்றதல்ல; சராசரி வளர்ந்தவர் ஒருவரின் தோள் அகலம் ஏறக்குறைய 45 சென்ரிமீற்றர் என்று வைத்துக்கொண்டால், மூவருக்கு 135 சென்ரிமீற்றர் தேவை; சிறிய கார் எதிலும் அது சுவர் முதல் சுவர் வரை நிறைந்துவிடும். நடுவில் அமர்பவருக்குத் தோளையும் சேர்த்துப் பிடிக்கும் பட்டி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். சில பழைய வாகனங்களில் நடுவில் இடுப்புப் பட்டி மட்டுமே உண்டு.

கையிருப்பு இடங்கொடுக்குமானால் நீங்கள் குறிப்பிடாத ஒரு காரையும் பாருங்கள். டொயோட்டா ரூமி 3,700 மில்லிமீற்றர் அளவு நீளமே உடையது; அக்வாவைவிட ஏறக்குறைய 30 சென்ரிமீற்றர் குட்டை. ஆனால் 1,735 மில்லிமீற்றர் உயரமும், பின்புறம் இருபக்கமும் வழுக்கித் திறக்கும் கதவுகளும், ஐந்து ஆசனங்களும் கொண்டது. ஒடுக்கமான தரிப்பிடத்தில் பக்கத்துக் காரில் கதவு முட்டுமோ என்ற கவலை பின்னால் ஏறுபவர்களுக்கு இராது; ஏறுவதும் படி ஏறுவதைப் போல அல்லாமல், நடந்துபோய் நாற்காலியில் அமர்வதைப் போல இருக்கும். ஒரேயொரு எச்சரிக்கை: உங்கள் தொடர்மாடியில் கார்களை அடுக்கடுக்காகத் தூக்கி நிறுத்தும் இயந்திரத் தரிப்பிடம் இருந்தால், அதன் உயர எல்லையைக் காவலாளியிடமல்ல, முகாமைத்துவத்திடம் எழுத்தில் கேளுங்கள். ஜப்பானில் அத்தகைய தரிப்பிடங்கள் பலவற்றின் எல்லை 1,550 மில்லிமீற்றர். ஃபிட், அக்வா, டொயோட்டாவின் இன்னொரு சிறிய காரான விட்ஸ் ஆகிய மூன்றும் அந்த அளவுக்குள் அடங்கி நிற்பது தற்செயலானதல்ல.

வாங்குவதற்கு முன் மாமியாரை விற்பனை நிலையத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். அவரை அலைக்கழிக்கக் கூடாது என்று நினைத்து வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகிறவர்கள் அடுத்த பத்து ஆண்டுகளுக்கு அவரை அலைக்கழிக்கிறார்கள்.

கேள்வி: ஜப்பானிய விவரக் கையேடுகளைப் பார்த்தேன். 2017 வேகன் ஆரின் உட்புற நீளம் 2,450 மில்லிமீற்றர், முதல் தலைமுறை அக்வாவுக்கு 2,015, ஃபிட்டுக்கு 1,935 என்று போட்டிருக்கிறது. வெளியே 3.4 மீற்றர் மட்டுமே உள்ள கார், 4 மீற்றர் காரைவிட உள்ளே எப்படி நீளமாக இருக்க முடியும்? இது உண்மையா, விளம்பரமா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: எண்கள் பொய்யல்ல. ஆனால் அவை நீங்கள் கேட்க நினைக்கும் கேள்விக்கான விடையுமல்ல.

ஜப்பானியக் கையேட்டில் உட்புற நீளம் என்பது, சாரதிக்கு முன்னால் இருக்கும் முகப்புப் பலகையின் பின்விளிம்பிலிருந்து கடைசி ஆசனத்தின் சாய்வு வரை அளக்கப்படுவது. வேகன் ஆரின் முன்கண்ணாடி செங்குத்தாக எழுகிறது, அதன் மூன்று சிலிண்டர் இயந்திரம் சிறியது, முகப்புப் பலகை மெல்லியது. ஆகவே அளவு தொடங்கும் புள்ளியே முன்னால் போய்விடுகிறது. அங்கே மிச்சமாகும் இடம் முன்னால் இருப்பவரின் முழங்காலுக்கு எதிரே உள்ள வெற்றிடம். பின்னால் இருப்பவருக்கு அது உதவாது. மேலும் வேகன் ஆரின் பின் ஆசனங்கள் முன்னும் பின்னும் நகரக்கூடியவை. அவற்றை முழுதாகப் பின்தள்ளி வைத்தால்தான் நீளம் கூடும், அப்போது டிக்கியில் இரண்டு சந்தைப் பைகள் வைப்பதே பெரும்பாடு. நல்லூர்த் திருவிழாவுக்கு நால்வர் நான்கு பயணப் பைகளுடன் போக வேண்டுமென்றால், ஆசனத்தை முன்னே இழுக்கத்தான் வேண்டும். முழங்காலும் பெட்டியும் ஒரே இடத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன. அக்வாவின் எண் ஃபிட்டின் எண்ணைவிடப் பெரிதாக இருந்தும் பின்னால் கால் நீட்டும் சுகம் ஃபிட்டில் கூடுதலாக இருப்பதை நேரில் அமர்ந்து பார்த்தவர்கள் அறிவார்கள்.

ஆனாலும் வேகன் ஆரின் பெருமையைக் குறைத்துச் சொல்ல நான் விரும்பவில்லை. 3,395 மில்லிமீற்றர் நீளத்திற்குள் முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையில் 2,460 மில்லிமீற்றர் வைத்திருப்பது பெரிய திறமை. அதைவிட அரை மீற்றர் அளவு நீளமான மூன்றாம் தலைமுறை விட்ஸில் அந்தத் தூரம் 2,510 தான். சக்கரங்களை நான்கு மூலைகளுக்கும் தள்ளிவிட்டு, மனிதரை நிமிர்த்தி நாற்காலியில் இருத்துவதுபோல் இருத்தியிருக்கிறார்கள். நிமிர்ந்து அமர்பவருக்குக் கால் நீட்டக் குறைந்த நீளமே போதும். சாய்ந்து அமர்பவருக்கு அதிக நீளம் வேண்டும். உயரமான சிறிய கார்கள் விசாலமாகத் தோன்றுவதன் காரணம் இதுதான்.

எனவே எண்ணுக்குப் பதிலாக இதைச் செய்யுங்கள். சாரதி ஆசனத்தை நீங்கள் ஓட்டும் நிலைக்குச் சரிசெய்துவிட்டு, இறங்கி அதே ஆசனத்திற்குப் பின்னால் போய் அமருங்கள். முழங்காலுக்கும் முன் ஆசனத்தின் முதுகுக்கும் இடையில் மூடிய கைமுட்டி ஒன்று நுழைகிறதா, பாதம் முன் ஆசனத்தின் கீழே போகிறதா, தலைக்கும் கூரைக்கும் இடையில் நான்கு விரல்கள் நிற்கின்றனவா என்று பாருங்கள். பாதம் கீழே போகுமானால் முழங்கால் இடைவெளி சிறிது குறைந்தாலும் மனிதர் தாங்கிக்கொள்வார். பாதத்திற்கு இடமில்லாவிட்டால் எவ்வளவு இடைவெளி இருந்தும் காலை மாற்றி வைக்க முடியாது. ஒரு மணி நேரத்தில் கால் மரத்துவிடும்.

கேள்வி: என்னிடம் இருப்பது 2014ஆம் ஆண்டு விட்ஸ். ஆண்டுக்கு மூன்று, நான்கு முறை யாழ்ப்பாணம் போய் வருகிறோம். குருநாகலைத் தாண்டியதும் எனக்கு இடுப்பு வலிக்கத் தொடங்கிவிடும். பின்னால் இருக்கும் அப்பா வவுனியா வரும்போது ஒரு பக்கமாகச் சரிந்து அமர்ந்திருப்பார். மெத்தையை மாற்றி ரெக்சின் உறை போட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள். செய்யலாமா?
– வாசகர், தெஹிவளை

பதில்: அவசரப்பட வேண்டாம். நானும் அந்தத் தவறைச் செய்தவன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நாம் அமரும்போது உடலின் பாரத்தைத் தாங்குபவை இடுப்பின் அடியிலுள்ள இரண்டு இருப்பெலும்புகள். தொடையும் மெத்தையில் முழுதாகப் படிந்திருந்தால் பாரத்தின் ஒரு பங்கைத் தொடை ஏற்றுக்கொள்ளும். சிறிய கார்களின் பின் மெத்தை பெரும்பாலும் குட்டையாகவும் தரைக்கு நெருக்கமாகவும் இருப்பதால், முழங்கால் மேலெழுந்து தொடை மெத்தையை விட்டுக் கிளம்பிவிடுகிறது. அப்போது முழுப் பாரமும் அந்த இரண்டு எலும்புகள்மீது இறங்குகிறது. இடுப்பு பின்னோக்கிச் சுழல்கிறது. முதுகின் கீழ்ப்பகுதியில் இயற்கையாக உள்ள உள்வளைவு தட்டையாகிறது. முள்ளந்தண்டுத் தட்டுகளின் மீதான அழுத்தம் கூடுகிறது. உங்கள் தந்தையார் ஒரு பக்கமாகச் சரிவது பழக்கதோஷமல்ல. வலிக்கும் எலும்புக்கு ஓய்வு கொடுக்கிறார், அவ்வளவுதான்.

இதனுடன் வீதியின் அதிர்வும் சேர்கிறது. அமர்ந்திருக்கும் மனித உடல், செக்கனுக்கு 4 முதல் 8 தடவை வரையிலான மேல்கீழ் அதிர்வுக்கே மிக அதிகமாக இசைந்து ஆடும். நல்ல மெத்தை அதை உறிஞ்சிக்கொள்ளும். பத்தாண்டு வெயிலையும் ஈரப்பதத்தையும் பாரத்தையும் தாங்கிய பொலியூரித்தேன் ஸ்பொஞ்சின் நுண்ணறைகள் உடைந்து நசிந்துவிடுவதால், அதன் மீள்தன்மை குறைந்துவிடும். சாரதி ஆசனத்தின் வலப்பக்க விளிம்பை, அதாவது நீங்கள் ஏறி இறங்கும்போது தேய்க்கும் பக்கத்தை, உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். பிறகு அதிகம் பயன்படாத பின் நடுப்பகுதியை அதே பலத்துடன் அழுத்துங்கள். வித்தியாசம் கைக்குத் தெரிந்தால் மெத்தை ஓய்ந்துவிட்டது.

இனி என் கதை. முன்னர் என்னிடம் இருந்த காரின் மெத்தை அமிழ்ந்துவிட்டது என்று ஓரிடத்தில் மாற்றக் கொடுத்தேன். கெட்டியான ஸ்பொஞ்சைப் பாளம் பாளமாக வெட்டி ஒட்டி, மேலே பளபளக்கும் ரெக்சினைத் தைத்துக் கொடுத்தார்கள். பார்ப்பதற்குப் புதுக் கார் போலவே இருந்தது. முதற் பயணத்தில் தம்புள்ளையில் தேநீருக்காக நிறுத்தியபோதுதான் தெரிந்தது, பின்னால் இருந்த என் தந்தையார் கொழும்பிலிருந்து பட்டி அணியாமலே வந்திருக்கிறார் என்பது. புதிய மெத்தை இரண்டு விரல் உயர்ந்துவிட்டதால் பட்டியின் கொளுவி உள்ளே புதைந்துபோயிருந்தது. எழுபத்தைந்து வயதுக் கைகளால் அதைத் தேடி எடுக்க முடியவில்லை; என்னிடம் சொன்னால் நான் வண்டியை நிறுத்துவேன், நேரமாகும் என்று சொல்லாமல் இருந்திருக்கிறார். அந்த நூற்றைம்பது கிலோமீற்றரை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் நடுங்குகிறது.

தொழிற்சாலையில் ஆசன ஸ்பொஞ்ச் வெட்டி ஒட்டப்படுவதில்லை, அச்சில் வார்க்கப்படுகிறது. ஒரே மெத்தையில் இருப்பெலும்பு படும் இடம் ஒரு கடினத்திலும், பக்கவாட்டு அணைப்பு வேறொரு கடினத்திலும் இருக்கும். அதைப் பாளத்தால் ஈடுசெய்ய முடியாது. எனவே உங்கள் விட்ஸுக்கு, விபத்தில் சிக்காத இன்னொரு விட்ஸிலிருந்து கழற்றிய நல்ல ஆசனத்தைப் பழைய உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தையில் தேடிப் பாருங்கள். நிலையும் விலையும் திருப்தியாக இருந்தால் அதுவே சிறந்த வழி. குஷன் வேலைதான் செய்யப்போகிறீர்கள் என்றால், பழைய ஸ்பொஞ்சை எறியாமல், நசிந்த இடத்தை மட்டும் நிரப்பச் சொல்லுங்கள். மெத்தையின் உயரத்தை வேலைக்கு முன்னும் பின்னும் நாடாவால் அளந்து வையுங்கள். சில கார்களில் சாய்வின் வெளிப்பக்கத் தையலுக்குள் பக்கக் காற்றுப்பை மடித்து வைக்கப்பட்டிருக்கும்; அதற்கு அடையாளமாக ஒரு சிறிய துணிச்சீட்டு தைத்திருப்பார்கள். அந்த இடத்தை இறுக்கமான உறை மூடினால் காற்றுப்பை உரிய நேரத்தில் விரிய முடியாமல் போகலாம். ரெக்சின் நம் ஊர்ப் புழுக்கத்திற்கு ஏற்றதல்ல என்பதும் என் உறுதியான கருத்து. வியர்வை உள்ளே இறங்க வழியில்லாமல் முதுகிலேயே நிற்கும், பிறகு வழுக்கும், வழுக்குபவர் தன்னை நிலைநிறுத்தத் தசையை இறுக்கிக்கொண்டே இருப்பார். கழற்றித் துவைக்கக்கூடிய பருத்தி உறை போதும்.

இதற்கெல்லாம் முன் பணம் செலவில்லாத சில வேலைகளைச் செய்யுங்கள். டயர்க் காற்றழுத்தத்தைச் சாரதிக் கதவுத் தூணில் ஒட்டப்பட்டிருக்கும் அளவுக்கு வையுங்கள். நிறையப் பேர் எரிபொருள் மிச்சமாகும் என்று அளவுக்கு மீறி அடித்துவிட்டு ஆசனத்தைக் குறைசொல்கிறார்கள். தந்தையார் பாதம் வைக்கும் இடத்திலிருந்து கனத்த கால்மிதியை எடுத்துவிடுங்கள். இரண்டு சென்ரிமீற்றர் தடிப்பான மிதி முழங்காலை அதே இரண்டு சென்ரிமீற்றர் உயர்த்துகிறது. தொடை கிளம்புவதற்கு அதுவே போதும். மடித்த துவாய் ஒன்றைத் தொடையின் முன்பகுதிக்குக் கீழே வைத்துப் பாருங்கள், முதுகுக்கு அல்ல. ஏறக்குறைய 400 கிலோமீற்றர்ப் பயணத்தில் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நடப்பதையும் விட்டுவிடாதீர்கள். வலி காலுக்குள் இறங்கினால் அது காரின் விடயமல்ல, வைத்தியரிடம் காட்டுங்கள்.

கேள்வி: எங்களுக்கு முதற் குழந்தை பிறக்கவிருக்கிறது. மனைவியிடம் இருப்பது இந்தியத் தயாரிப்பான ஆல்டோ. குழந்தைக்கான பாதுகாப்பு ஆசனம் அதற்குள் அடங்குமா, கார் மாற்ற வேண்டுமா?
– வாசகர், பம்பலப்பிட்டி

பதில்: வாழ்த்துகள். பிறந்த குழந்தைக்கான ஆசனம் பின்னோக்கிப் பார்க்கும்படி பொருத்தப்பட வேண்டும். மோதலின்போது குழந்தையின் தலை, கழுத்து, முதுகு மூன்றையும் அந்த ஆசனத்தின் ஓடு சேர்த்துத் தாங்குவதற்காகவே இந்த ஏற்பாடு. அப்படிப் பொருத்தும்போது அது படுத்தவாறு இருப்பதால், பின்னால் அமரும் வளர்ந்தவரின் முழங்கால் பிடிக்கும் இடத்தைவிட அதிக நீளத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆல்டோவில் அடங்கும். ஆனால் அதற்கு முன்னால் உள்ள ஆசனத்தை நன்றாக முன்னே இழுக்க வேண்டிவரும். அங்கே உயரமான ஒருவர் அமர்ந்தால் அவர் முழங்கால் முகப்புப் பலகையில் முட்டும். எனவே குழந்தையை இடப்பக்கம் பின்னால் வைத்துவிட்டு, மனைவி அருகிலேயே வலப்பக்கம் பின்னால் அமரட்டும். இடப்பக்கம் நடைபாதைப் பக்கம் என்பதால், காலி வீதி ஓரத்தில் நிறுத்திக் குழந்தையை எடுக்கும்போது உங்கள் முதுகுக்குப் பின்னால் பேருந்து வராது.

காற்றுப்பை உள்ள முன் ஆசனத்தில் பின்னோக்கிய குழந்தை ஆசனத்தை ஒருபோதும் வைக்க வேண்டாம். காற்றுப்பை விரியும் வேகம் குழந்தையின் தலைக்குப் பின்னாலுள்ள ஓட்டின்மீதே மோதும்.

கடையில் பணம் கொடுப்பதற்கு முன், அந்த ஆசனத்தைக் கீழே கொண்டுவந்து உங்கள் காரில் பொருத்திக் காட்டச் சொல்லுங்கள். காரின் சாய்வுக்கும் மெத்தைக்கும் இடையில் விரலை விட்டுத் தடவும்போது கடினமான இரும்பு வளையங்கள் இரண்டு அகப்பட்டால் அது ஐசோஃபிக்ஸ், அதாவது குழந்தை ஆசனத்தைப் பட்டியில்லாமல் காருடன் நேரடியாகக் கொளுவும் பொருத்தி. இல்லாவிட்டால் ஆசனப் பட்டியால் கட்டும் வகையை வாங்குங்கள். பட்டியின் நீளம் போதுமா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம், ஏனெனில் ஆசனத்தைச் சுற்றிவரச் சில சிறிய கார்களின் பட்டி எட்டாது. இவ்வளவும் சரியாக அமைந்தால் உடனே கார் மாற்ற வேண்டியதில்லை. பிள்ளை தள்ளுவண்டியோடு பயணம் போகும் நாள் வரும்போது டிக்கி போதாது என்பது தானாகத் தெரியவரும். அப்போது கே வகையில் தாழ்ந்த தரையும் வழுக்கும் கதவும் உள்ள டைஹட்சு டன்டோ, ஹொண்டா என்-பொக்ஸ் ஆகியவற்றைப் பாருங்கள். டன்டோவில் இடப்பக்க முன்கதவுக்கும் பின்கதவுக்கும் நடுவே தூணே இராது. குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு ஏறும் தாய்க்கு அது பெரிய ஆறுதல். இரண்டும் நால்வருக்கானவை என்பதை மறவாதீர்கள்.

கேள்வி: எட்டு வயது மகன் பின்னால் இருந்தால் வாந்தி எடுக்கிறான். தாத்தாவின் பழைய வானில் எடுப்பதில்லை. ஆசனம் காரணமாக இருக்குமா?
– வாசகி, மட்டக்குளி

பதில்: இருக்கலாம். உள்காது அசைவை உணர்கிறது. கண்ணோ முன் ஆசனத்தின் முதுகை மட்டும் பார்த்து அசைவில்லை என்கிறது. இந்த முரண்பாடே குமட்டலாக வெளிவருகிறது. வானில் அவன் உயரத்தில் அமர்ந்து பெரிய கண்ணாடி வழியே வீதியைப் பார்க்கிறான். இப்போதைய சிறிய கார்களில் பின் ஆசனம் தாழ்வு, பின்கதவுக் கண்ணாடியின் கீழ்விளிம்பு உயர்வு. எட்டு வயதுப் பிள்ளைக்கு வானம் மட்டுமே தெரியும். பட்டி தோளில் சரியாக விழும்படி அவனை உயர்த்தும் சிறுவர் உயர்த்தி ஆசனம் ஒன்றை வாங்குங்கள். பாதுகாப்புக்காக எப்படியும் அவனுக்கு அது தேவை, பார்வையும் அதனுடன் உயரும். தொலைபேசியைக் கையில் கொடுக்காதீர்கள். சிறிய கார்கள் பலவற்றில் பின்னால் ஏசி துவாரம் இல்லை. முன்னாலுள்ள நடுத் துவாரங்களைக் கூரையை நோக்கித் திருப்பிவிட்டால் குளிர் பின்னால் போய்ச் சேரும்.

கேள்வி: என் உயரம் ஆறடி இரண்டு அங்குலம். எல்லாச் சிறிய காரிலும் தலை முட்டுகிறது. கையேட்டில் தலைக்கான இடம் என்று போடுவதை நம்பலாமா?
– வாசகர், வத்தளை

பதில்: அமெரிக்க முறையில் தரப்படும் அளவு, இடுப்புப் புள்ளியிலிருந்து செங்குத்துக்கு 8 பாகை பின்சாய்வாகக் கூரை வரை அளந்து, அதனுடன் 102 மில்லிமீற்றர் கூட்டிச் சொல்லப்படுவது. ஒரே காரின் இரண்டு வகைகளை ஒப்பிட அது பயன்படும். உங்கள் உடலுக்குப் பயன்படாது, ஏனெனில் ஒரே உயரமுள்ள இருவரில் ஒருவருக்குக் கால் நீளம், மற்றவருக்கு முண்டம் நீளம். உங்களுக்குத் தலை முட்டுவதாகச் சொல்வதைப் பார்த்தால் முண்டம் நீளமானவர் என்றே நினைக்கிறேன். சாரதி ஆசனத்தை உயர்த்தவும் இறக்கவும் கூடிய வகையைத் தேடுங்கள். அடிமட்ட விலை வகைகளில் அந்த வசதி பெரும்பாலும் இருப்பதில்லை. கூரையில் கண்ணாடித் திறப்பு உள்ளதைத் தவிருங்கள், அதன் சட்டம் தலைக்கு மேல் இருக்கும் இடத்தைத் தின்றுவிடும். நீங்கள் பயப்படுவதற்கு மாறாக, மிகச் சிறிய கார்களான வேகன் ஆர் வகைதான் உங்கள் தலைக்கு மிக ஏற்றது.

கேள்வி: மின்சாரக் கார்களில் தரை தட்டையாக இருப்பதால் பின்னால் மூவர் சுகமாக அமரலாம் என்கிறார்களே?
– வாசகர், கொள்ளுப்பிட்டி

பதில்: நடுவில் அமர்பவருக்குக் கால் வைக்க மேடு இல்லை என்பது உண்மையான நன்மை. பிவைடி டொல்பின் போன்றவற்றில் அச்சுகளுக்கிடையே 2,700 மில்லிமீற்றர் இருப்பதால் முழங்காலுக்கும் குறைவில்லை. ஆனால் அது 4,290 மில்லிமீற்றர் நீளமுள்ள கார், நாம் இதுவரை பேசிய அளவைச் சேர்ந்ததல்ல. மின்கலம் தரைக்குக் கீழே படுத்திருப்பதால் தரை உயர்கிறது. கூரையை அதே அளவு உயர்த்தாத கார்களில் மெத்தைக்கும் தரைக்கும் இடையிலான உயரம் குறையும். தெஹிவளை வாசகருக்குச் சொன்ன அதே தொடைப் பிரச்சினை இங்கும் வரும். பின்னால் அமர்ந்து, தொடைக்கும் மெத்தைக்கும் இடையில் உள்ளங்கையைச் செருகிப் பாருங்கள். தடையில்லாமல் கை உள்ளே போனால், அந்தக் காரில் காலி முகத்திடல் வரை போகலாம், கண்டி வரை போக வேண்டாம்.